மார்க் வருகிறது, பாடம் புரியவில்லை: பள்ளிப் பாடத்திட்டம் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் 27 ஆண்டுகள் அறிவியல் டீச்சராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு வியாசர்பாடியில் ஒரு படிப்பகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பிள்ளையை அழைத்துப் போக வரும் அம்மா அப்பாக்கள் வாசலில் நின்று கேட்கும் கேள்விகளும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் போனில் கேட்கும் கேள்விகளும்தான் இங்கே இருக்கின்றன.

என் பெண் 80 மார்க் வாங்குகிறாள். ஆனால் வீட்டில் எதைக் கேட்டாலும் விழிக்கிறாள். ஏன் மிஸ்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நானே நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'பாய்மங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் பொருளைத் தண்ணீர் மேலே தள்ளும் என்ற ஆர்க்கிமிடிஸ் தத்துவம் அதில்தான் வருகிறது. நன்றாகப் படிக்கும் ஒரு பெண் அந்தத் தத்துவத்தை ஒரு வார்த்தை பிசகாமல் என்னிடம் ஒப்பித்தாள். இடப்பெயர்ச்சி, மேல்நோக்கு விசை எல்லாம் சரியாக வந்தது. சரி, உங்கள் வீட்டு சம்ப்பிலிருந்து வாளியில் தண்ணீர் எடுப்பாயா என்று கேட்டேன். தினமும் எடுக்கிறேன் என்றாள். வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை லேசாக இருக்கிறது, வெளியே வந்ததும் கை கனக்கிறதே, ஏன்? அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது புக் பேக்ல இல்லையே மிஸ்" என்றாள்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாடம் முடிந்ததும் இருக்கும் 'புக் பேக்' கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும் என்று ஒன்பது வருஷமாக அவளுக்கு நாம்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அவளும் அதையேதான் செய்தாள். என் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கும் பல வருஷம் நான் இதையேதான் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

அப்படியானால் நம் பாடப்புத்தகம் மோசமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் பழியைப் புத்தகத்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடநூல் மூன்றும் வேறு வேறு. பிள்ளை எப்படி வளர வேண்டும், எதை எப்படிக் கற்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற மொத்த ஏற்பாடும் கலைத்திட்டம். எந்த வகுப்பில் எந்தப் பாடம் என்பது பாடத்திட்டம். கையில் இருப்பது பாடநூல்.

2018-19-இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன, அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வந்தன. அவற்றைப் பழைய புத்தகங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படங்கள், செயல்பாடுகள், க்யூ.ஆர். கோடு, பாடத்துக்குப் பாடம் செய்து பார்க்கச் சொல்லும் சின்னச் சின்ன வேலைகள் என்று நன்றாகவே செய்திருக்கிறார்கள். பாய்மங்கள் பாடத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. புத்தகத்தை நடத்தி முடிக்க வகுப்பில் நேரம் போதவில்லை. நடத்தியதைப் பரீட்சையில் கேட்கும் விதமும் சரியில்லை. இந்த இரண்டும் அப்படியே இருக்கும் வரை எத்தனை முறை புத்தகத்தை மாற்றினாலும் அந்தப் பெண் அதே பதிலைத்தான் சொல்வாள்.

நேரம் போதவில்லை என்று ஏன் சொல்கிறீர்கள்? வருஷம் முழுக்கப் பள்ளி இருக்கிறதே?

காலண்டரைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஜூனில் பள்ளி திறந்து வகுப்பு பிரித்து, புத்தகம் கொடுத்து, பாடம் சூடு பிடிக்கும்போது முதல் இடைப் பருவத் தேர்வு வந்துவிடும். அப்புறம் காலாண்டு. அக்டோபர் கடைசியிலிருந்து மழை. சென்னையில் நவம்பர், டிசம்பரில் எத்தனை நாள் லீவ் விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. 2015 டிசம்பரில் ஊரே மூழ்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அதோடு அரையாண்டு. ஜனவரியிலிருந்து பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் ரிவிஷன் டெஸ்ட் தவிர வேறு எதுவும் நடக்காது. இடையில் தேர்தல் வேலை, பயிற்சி, ஆன்லைனில் விவரம் ஏற்றும் வேலை எல்லாம் ஆசிரியர் தலையில்.

மிச்சம் இருக்கும் நாட்களில் 'போர்ஷன் முடிக்க' வேண்டும். போர்ஷன் முடிப்பது என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. பாடத்தை நான் முடித்துவிடுவேன். அது பிள்ளைக்குள் தொடங்கியதா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு செயல்பாட்டைச் செய்து காட்ட இரண்டு பீரியட் வேண்டும், வாசித்துக் காட்டிவிட்டால் பத்து நிமிஷம் போதும். ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

பாடத்தைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

எதைக் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கொரோனா காலத்தில் பாடத்தைக் குறைத்தார்கள். அவசரத்துக்கு அது வேண்டியதுதான். ஆனால் எந்தப் பாடம் அடுத்த வகுப்புக்கு அடித்தளம், எதை அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நிதானமாக உட்கார்ந்து பார்க்க அப்போது நேரம் இல்லை. அந்த வேலையை இப்போதாவது செய்யலாம்.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு வகுப்பிலும் 'இது தெரியாமல் மேலே போகக் கூடாது' என்று பத்துப் பன்னிரண்டு விஷயங்களை மட்டும் குறிக்க வேண்டும். ஆறாம் வகுப்புக் கணக்கில் பின்னமும் வகுத்தலும் அப்படிப்பட்டவை. அவற்றுக்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும். மற்றவற்றை விருப்பமுள்ள பிள்ளைகள் படித்துக்கொள்ளட்டும். பள்ளிப் படிப்பின் சுமையை ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழுவும் 1993-இல் இந்தக் கவலையைத்தான் சொன்னது. பிள்ளையின் பை கனப்பதை விட, புரியாமல் படிப்பதுதான் பெரிய சுமை என்று அந்த அறிக்கை எச்சரித்தது. அப்போது நான் கல்லூரி மாணவி. என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று அதே சுமையோடு வருகிறார்கள்.

பரீட்சைக் கேள்வியில் என்ன தவறு?

பத்தாம் வகுப்புக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் மார்க் 35. வடிவியலில் ஒன்று, வரைபடத்தில் ஒன்று, தலா 8 மார்க் என்று 16 மார்க் ஏறக்குறைய கைக்குள். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து, "நீ ஜியாமெட்ரியும் கிராஃபும் மட்டும் போடு, கூடவே புக் பேக் ஒரு மார்க்கை மனப்பாடம் பண்ணு" என்று ஜனவரியிலிருந்து பயிற்சி கொடுப்போம். 'மினிமம் மெட்டீரியல்' என்று மெல்லிசாக ஒரு புத்தகமே கையில் இருக்கும். பிள்ளை பாஸ் ஆகிவிடும். அந்தப் பிள்ளைக்கு வட்டிக் கணக்கு தெரியாது, ரேஷன் கடை பில்லைச் சரிபார்க்கத் தெரியாது. தொடுகோடு மட்டும் அழகாக வரையும்.

ஃபெயில் ஆகிப் படிப்பை விட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் ஆசிரியர்கள் இதைச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வித்தாள் எதைக் கேட்குமோ அதைத்தான் வகுப்பறை கற்றுக்கொடுக்கும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று முன்கூட்டியே சொல்லும் ப்ளூ பிரிண்ட் இருந்த காலத்தில் சில பாடங்களைத் தொடாமலே நல்ல மார்க் வாங்கலாம் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம்.

மாற்றம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு முப்பது மார்க்குக்காவது புத்தகத்தில் இல்லாத சூழ்நிலையை வைத்துக் கேட்க வேண்டும். முதல் வருஷமே முப்பது என்றால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். ஆறாம் வகுப்பில் தொடங்கி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். முதலில் ஆசிரியருக்கு அந்த மாதிரிக் கேள்வி எழுதப் பழக்க வேண்டும். கேள்வி எழுதுவது தனிக் கலை, அதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அப்படிப்பட்ட கேள்வி எப்படி இருக்கும்? ஒன்று சொல்லுங்களேன்.

'ஆவியாதல் என்றால் என்ன?' என்று கேட்டால் இரண்டு வரி ஒப்பித்துவிடுவார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மே மாதத்தில் வேலூரில் வெயில் சென்னையை விட அதிகம். ஆனால் அங்கே காயும் வியர்வை, சென்னையில் கசகசவென்று உடம்பிலேயே நிற்கிறது. ஏன்?" கடல் பக்கத்தில் இருப்பது, காற்றில் ஈரம், ஈரம் அதிகமானால் ஆவியாதல் குறைவது என்று பிள்ளை ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். புவியியலும் அறிவியலும் அந்த ஒரு கேள்வியில் சேர்ந்துவிடும்.

சனிக்கிழமை வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், மழைக்காலத்தில் அவன் அம்மா மொட்டை மாடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் காயாததைச் சொல்லி அதிலிருந்து விடைக்கு வந்துவிட்டான். பள்ளியில் அவன் அறிவியலில் எடுப்பது 38, 40.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்களே, நல்லதா கெட்டதா?

இதற்கு ஒரு கதை இருக்கிறது. முன்பு பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைப் பேருக்கு நடத்திவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டுவார்கள். பிளஸ் டூவில் மார்க் அள்ளுவார்கள். பொறியியல் கல்லூரிக்குப் போனதும் முதல் வருஷக் கணக்கில் திணறுவார்கள், ஏனென்றால் வகைநுண்கணிதத்தின் அடித்தளமே பதினொன்றில்தான் இருக்கிறது. நீட் கேள்விகளிலும் ஏறக்குறைய பாதி பதினொன்றாம் வகுப்பிலிருந்து வருகிறது. இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்றதும் பிள்ளைகள் துவண்டு போனார்கள். அதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுக்கச் சொன்னது, 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வந்துவிடக் கூடாது. பெற்றோர் செய்யக் கூடியது எளிது. மாதத்துக்கு ஒரு நாள் பிளஸ் ஒன் பிள்ளையின் இயற்பியல் நோட்டையும் கணக்கு நோட்டையும் புரட்டிப் பாருங்கள். பாடத் தலைப்பு பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். நவம்பரிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் நோட்டில் ஏறியிருந்தால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சி.பி.எஸ்.இ.-க்கு மாற்றினால் இந்தப் பிரச்சினை தீருமா?

தீராது. அங்கேயும் கைடு, அங்கேயும் டியூஷன், அங்கேயும் மனப்பாடம். பிள்ளையின் பள்ளியில் நல்ல ஆசிரியர் இருந்தால் எந்த போர்டாக இருந்தாலும் பரவாயில்லை.

சமச்சீர் கல்வி வந்ததால்தான் தரம் குறைந்தது என்கிறார்களே?

ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகையாகப் பிரிந்திருந்த பாடத்திட்டத்தை ஒன்றாக்கியதுதான் சமச்சீர் கல்வி. 2010-இல் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கியது. அடுத்த ஆண்டு நிறுத்தி வைக்கப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்டில் பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புக்கும் நடத்த உத்தரவு வந்தது. அந்த ஜூன், ஜூலையில் புத்தகமே இல்லாமல் வகுப்பு நடத்திய நாட்கள் எனக்கு மறக்காது.

புளியந்தோப்புப் பிள்ளையும் அண்ணா நகர்ப் பிள்ளையும் ஒரே புத்தகம் படிப்பது நியாயம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தரம் போய்விட்டது என்பவர்கள், நான்கு போர்டு இருந்த காலத்தில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு என்ன தரம் கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

சின்ன வகுப்புகளில் அட்டை, பாட்டு, விளையாட்டு என்று நன்றாகப் போகிறது. ஆறாம் வகுப்பு போனதும் என் பையன் சுருண்டுவிட்டான். ஏன்?

நல்ல கேள்வி. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

சென்னை இதில் ஒரு காலத்தில் மொத்த மாநிலத்துக்கும் வழிகாட்டியது. 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பெஞ்சு இல்லை, பாய். சுவரின் அடியில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் சாக்பீஸ். பாடம் அட்டைகளாகப் பிரிந்திருக்கும், பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வொரு அட்டையாக ஏறும். டீச்சரும் கீழே உட்கார்ந்திருப்பார். அப்போது ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கு நான் பார்க்கப் போயிருந்தேன். ஒரு வகுப்பில் யார் டீச்சர் என்று தேட வேண்டியிருந்தது. நாலு வருஷத்தில் மாநிலம் முழுக்க அது போனது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துத்தான் பாடம் நடத்துகிறார்கள்.

பிரச்சினை அதற்கு மேலே இருக்கிறது. ஐந்து வருஷம் தன் நிலைக்கு ஏற்றபடி படித்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் திடீரென்று பெஞ்சில் உட்கார்ந்து, பாடத்துக்கு ஒரு ஆசிரியர், நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மணி, எல்லோருக்கும் ஒரே வேகம் என்ற உலகத்துக்குள் விழுகிறது. வகுத்தல் வராத பிள்ளைக்கு இயற்கணிதம் நடத்த வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு. ஆறாம் வகுப்பின் முதல் மூன்று மாதத்தைப் பழைய பாடத்தைச் சரிசெய்ய மட்டும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். 'முடிந்தால் செய்யுங்கள்' என்று சுற்றறிக்கை விட்டால் நடக்காது, போர்ஷன் அதை விழுங்கிவிடும்.

ப்ராஜெக்ட், சார்ட் எல்லாம் கொடுக்கிறார்களே, அது நல்லதுதானே?

நோக்கம் நல்லது. முப்பருவ முறை வந்தபோது 60 மார்க் பரீட்சைக்கு, 40 மார்க் செயல்பாட்டுக்கு என்று பிரித்தார்கள். நடந்தது என்னவென்றால், பிள்ளை ஸ்டேஷனரி கடைக்குப் போய்ப் படத்தாள் வாங்கும், அம்மா ராத்திரி பத்து மணிக்கு அதை வெட்டி ஒட்டுவார். 'நீர் மாசு' என்ற சார்ட்டில் எங்கேயோ இருக்கும் ஒரு ஆற்றின் படம் இருக்கும். பள்ளிக்கு நடந்து வரும் வழியில் பக்கிங்ஹாம் கால்வாய் கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கால்வாயை ஒரு வாரம் தினமும் நின்று பார்த்து, நிறம், வாசனை, எங்கே குழாய் வந்து கலக்கிறது என்று நோட்டில் எழுதச் சொன்னால் போதும். காசு செலவே இல்லை.

நம் ஊர் பாடத்தில் இருக்கிறதா?

மிகக் குறைவு, இது எனக்குப் பெரிய ஆதங்கம். சமூக அறிவியலில் பேரிடர் பாடம் இருக்கிறது. அதில் வெள்ளத்துக்கு இலக்கணம் இருக்கிறது. ஆனால் தன் தெரு ஏன் மூழ்குகிறது என்று வேளச்சேரிப் பிள்ளைக்கு அந்தப் பாடம் சொல்வதில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம், அதைச் சுற்றிக் கட்டடங்களாலும் குப்பைமேட்டாலும் நெருக்கிவிட்டோம், 2022-இல் அது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவும் அறிவியல், புவியியல், குடிமையியல் மூன்றுக்கும் உரிய பாடம். மாநிலம் முழுக்க ஒரே புத்தகம் இருக்கட்டும். கூடவே மாவட்டத்துக்கு ஒரு சின்னத் துணைப் புத்தகம், நாற்பது ஐம்பது பக்கத்தில், அந்தந்த மாவட்ட ஆசிரியர்களே எழுதியது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அது வரும் வரை எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது, 1851-இல் தொடங்கியது. கோட்டூர்புரத்தில் கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. கூட்டிப் போனால் 'எல்லாவற்றையும் பார்' என்று இழுக்காதீர்கள். ஒரே ஒரு சிலையின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள்.

கணினிப் பாடம்?

ஆறு முதல் பத்து வரை அறிவியல் புத்தகத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியில் இருப்பதால் நடத்த நேரம் இருக்காது. மவுஸைத் தொடாமலே மவுஸின் பாகங்களைப் படம் வரைந்து குறிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தனிப் பாடமாக்கி, தனி ஆசிரியர் போட வேண்டும்.

நான் அவ்வளவாகப் படிக்கவில்லை. வீட்டில் என் பிள்ளைக்கு என்ன செய்ய முடியும்?

நிறைய முடியும். கரண்ட் பில்லை எடுத்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விகிதம் மாறும். பில்லில் இருக்கும் தொகை எப்படி வந்தது என்று பிள்ளையைக் கணக்குப் போட்டு உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா மீன் வியாபாரம் செய்கிறார். நகைக்கடன் ரசீதைக் கொடுத்து வட்டி சரியா என்று எட்டாம் வகுப்பு மகளிடம் கேட்டார். அவள் மூன்று நாள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். நான்காம் நாள் தொகை ஒத்துப்போனதும், நாள் கணக்கில் தான் எங்கே தப்பு செய்தாள் என்று அம்மாவுக்கு உட்காரவைத்துப் பாடம் எடுத்தாளாம்.

பிள்ளை சொல்வது உங்களுக்குப் புரியவில்லை என்றால் வெட்கப்படாதீர்கள். "எனக்குப் புரியலை, இன்னொரு தடவை வேற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். ஒப்பித்தவளால் வேறு மாதிரி சொல்ல முடியாது, புரிந்தவளால் முடியும்.

பள்ளியில் இதையெல்லாம் எங்கே பேசுவது? பேசினால் பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர்.

தனியாகப் போய்ப் பேசினால் அந்தப் பயம் நியாயமானதுதான். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் பேசுகிறோம், பேச வேண்டும்தான். கூடவே இந்த மூன்றையும் கேளுங்கள்: அறிவியல் ஆய்வகம் இந்த மாதம் எத்தனை நாள் திறந்தது? விளையாட்டுப் பீரியட் கணக்குக்குப் போகிறதா? ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன ஏற்பாடு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பாடத்திட்டத்தை மாற்றும்போது நம் கருத்தைக் கேட்பார்களா?

2017 நவம்பரில் வரைவுப் பாடத்திட்டத்தை இணையத்தில் போட்டு யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். நான் எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். என் பள்ளியில் வேறு யாரும் அனுப்பவில்லை, அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. அடுத்த முறை வரைவு வெளியாகும்போது படிப்பகத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம். தமிழில் எழுதினால் போதும். 'பாடம் கஷ்டமாக இருக்கிறது' என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பக்கம், உங்கள் பிள்ளை எந்த வரியில் நின்றுவிட்டது என்று எழுதுங்கள். அதனால் இன்றிலிருந்தே பிள்ளையின் புத்தகத்தில் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.